தூக்கு மேடையில் கடவுள்

தூக்குத் தண்டனை வேண்டுமென்று வாதாடுகிறவர்கள் எப்பொழுதும் இரண்டு சங்கதிகளைச் சேர்த்தே சொல்லுவார்கள். ஒன்று, கயிற்றுக்குப் பயந்துதான் மனிதன் கொலை செய்யாமல் இருக்கிறான் என்பது. மற்றொன்று, கடவுளுக்குப் பயந்துதான் நியாயாதிபதி நியாயம் தவறாமல் இருக்கிறான் என்பது. இவ்விரண்டையும் ருஜுப்படுத்த இவர்கள் இழுத்து வரும் அத்தாட்சிகளில் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறம். அங்கே காடும் புல்வெளியுமாய்க் கிடந்த தேசத்தில் கொலைகாரனும் கொள்ளைக்காரனும் திரிந்தார்களாம். ஒரு கையில் வேத புஸ்தகமும் மறு கையில் தூக்குக் கயிறுமாக வெள்ளையர் போய் நீதியை நிலைநாட்டினார்களாம். சினிமாக்காரர்கள் இந்தக் கதையைக் காசாக்கி உலகமெல்லாம் காட்டிவிட்டார்கள். ஆதலால் குதிரை மேல் துப்பாக்கியோடு வருகிற வெள்ளைக்காரனைத் திரையில் கண்டதும் நம்மவர்களுங்கூடக் கை தட்டுகிறார்கள்.

நல்லது. அவர்கள் கொண்டுவந்த சாட்சியையே நாமும் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

அமெரிக்காவில் ஒரே சமயத்தில் அதிகப் பேரைத் தூக்கிலிட்ட சம்பவம் மின்னசோட்டா மாகாணத்தில் மன்கேட்டோ என்னும் ஊரில் நடந்தது. தேதி 1862 டிசம்பர் 26. அதாவது கிறிஸ்து பிறந்ததாகச் சொல்லி விருந்துண்டு பாட்டுப் பாடிய நாளுக்கு மறுநாள். தூக்கிலிடப்பட்டவர்கள் 38 பேர். அத்தனை பேரும் டகோட்டா என்னும் செவ்விந்திய இனத்தார். அவர்கள் எப்படி அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

1851-ஆம் வருஷத்தில் இரண்டு உடன்படிக்கைகளின் மூலம் டகோட்டாக்களிடமிருந்து சுமார் 2 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலத்தை அமெரிக்க சர்க்கார் வாங்கிக் கொண்டது. ஜனங்களுக்கு மிஞ்சியது மின்னசோட்டா ஆற்றின் இரு கரைகளிலும் ஒரு நீண்ட துண்டு நிலம். 1858-ல் அதில் வடகரையும் போயிற்று. நிலத்திற்கு விலையாக வருஷா வருஷம் பணம் கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் அந்தப் பணம் டகோட்டாவின் கைக்கு வருமுன் அதற்கு ஆள் காத்திருந்தது. 1851-ல் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தலைவர்களிடம் மற்றொரு காகிதத்தையும் நீட்டி அதிலும் கையெழுத்து வாங்கினார்கள். அதுவும் உடன்படிக்கையின் ஒரு பிரதிதான் என்று எண்ணிக் கையெழுத்திட்டதாகத் தலைவர்கள் பின்னால் முறையிட்டார்கள். உண்மையில் அது, வரும் பணத்தில் வியாபாரிகளின் கடனைக் கொடுத்துவிடுகிறோம் என்ற சீட்டு. கடன் எவ்வளவு என்பதற்கு வியாபாரியின் கணக்குப் புஸ்தகந்தான் சாட்சி! எழுதப் படிக்கத் தெரியாதவனுடைய கணக்கைக் கடைக்காரன் எழுதினால் அது எப்படி இருக்கும் என்பது, அடகுச் சீட்டில் கைநாட்டு வைத்துப் பழகிய நம் வாசகர்களுக்கு நாம் சொல்லியா தெரியவேண்டும்?

1861-ல் விளைச்சல் பொய்த்தது. 1862 கோடையில் பஞ்சம். வரவேண்டிய வருஷப் பணமும் வரவில்லை. சர்க்கார் ஏஜெண்டின் கிடங்கில் தானியம் இருந்தது. ஆனால் பணம் வந்த பிறகுதான் எல்லாம் என்று பூட்டி வைத்திருந்தார்கள். வியாபாரிகள் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மைரிக் என்ற கடைக்காரன், பசித்தால் இவர்கள் புல்லைத் தின்னட்டும் என்று சொன்னதாகச் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. ஆகஸ்டு 17-ந் தேதி ஆக்டன் என்னுமிடத்தில் நான்கு டகோட்டா வாலிபர்கள் ஐந்து வெள்ளைக் குடியேறிகளைக் கொன்றார்கள். மறுநாள் போர் மூண்டது. அந்த மறுநாள்தான், அதாவது 18-ந் தேதிதான், வரவேண்டிய பணம் 71 ஆயிரம் டாலரும் தங்கமாக ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்தது! மைரிக் முதல் நாளே கொல்லப்பட்டான். அவன் பிணத்தின் வாயில் புல் திணிக்கப்பட்டிருந்தது.

இந்தப் போரில் நூற்றுக்கணக்கான குடியேறிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். இதை நாம் மறைக்கவில்லை. பசித்தவன் செய்தான் என்பதற்காகத் தொட்டில் பிள்ளையைக் கொன்றது சரி என்று சொல்லும் புத்தி நமக்கில்லை. நாம் கேட்பதெல்லாம், அதற்குப் பிறகு நியாயம் என்ற பெயரால் என்ன நடந்தது என்பதுதான்.

செப்டம்பர் கடைசியில் போர் முடிந்தது. கொலையில் முன்னின்றவர்களில் பலர் மேற்கே ஓடிவிட்டார்கள். போரையே எதிர்த்தவர்களும், வெள்ளைக்காரக் கைதிகளைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களும், குற்றம் செய்யாதவனுக்குத் தண்டனை வராது என்று பட்டாளத் தலைவன் சிப்லியின் பேச்சை நம்பினவர்களும் ஓடாமல் நின்று சரணடைந்தார்கள். ஓடினவன் பிழைத்தான், நம்பினவன் அகப்பட்டுக் கொண்டான். இந்த சிப்லி யார்? அவனே நெடுங்காலம் தோல் வியாபாரியாக இருந்தவன். மேலே சொன்ன வியாபாரிகளின் கடன் சீட்டினால் லாபம் அடைந்தவர்களில் ஒருவன். அந்த மாகாணத்தின் முதல் கவர்னராகவும் இருந்தவன். கடன்காரனே படைத்தலைவனாகி, படைத்தலைவனே நியாயஸ்தலத்தையும் நியமித்தான்.

நியமிக்கப்பட்ட நியாயஸ்தலத்தின் யோக்கியதையைப் பாருங்கள். எதிர்த்துச் சண்டை போட்ட பட்டாளத்து உத்தியோகஸ்தர்கள் ஐந்து பேர் நீதிபதிகள். எதிரிகளுக்கு வக்கீல் கிடையாது. விசாரணை நடந்த இங்கிலீஷ் பாஷை எதிரிகளில் பெரும்பாலோருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஐந்து வாரத்திற்குள் 392 பேருடைய வழக்கை முடித்து 303 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சில நாட்களில் ஒரு நாளைக்கு நாற்பது வழக்கு! சில வழக்குகள் ஐந்து நிமிஷங்கூட நடக்கவில்லை. சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூடப் பல்லைப் பார்க்க அதற்கு மேல் நேரம் எடுத்துக் கொள்ளுவான். சண்டையில் நான் துப்பாக்கி சுட்டேன் என்று ஒருவன் ஒப்புக்கொண்டால் அதுவே தூக்குக்குப் போதுமானதாக இருந்தது. அவ்விசாரணையில் முதலாவதாகத் தண்டனை பெற்ற காட்பிரே என்பவன் பிறகு மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லி, அதற்குக் கூலியாகத் தன் உயிரை வாங்கிக் கொண்டான். அவன் சாட்சியினாலும் ஆட்கள் கயிறு ஏறினார்கள்.

இந்த இடத்தில்தான் வேத புஸ்தகம் வந்து சேருகிறது. டகோட்டாக்களிடையே இருபது வருஷத்திற்கு மேல் மத ஊழியம் செய்து, அவர்கள் மொழிக்கு அகராதியே எழுதிய ரிக்ஸ் என்ற பாதிரியார் அவ்விசாரணையில் மொழிபெயர்ப்பாளராகவும், யார் யார் மீது என்ன குற்றம் சாட்டலாம் என்று முன்கூட்டித் திரட்டிக் கொடுப்பவராகவும் வேலை செய்தார். அந்த ஜனங்களின் பாஷையைக் கற்றது அவர்களை மோக்ஷத்திற்கு அனுப்பத்தான் என்று சொல்லிக் கொண்டிருந்தவர், கடைசியில் அதைக் குறுக்கு வழியாக அனுப்புவதற்கே உபயோகப்படுத்தினார்.

பிரசிடெண்ட் லிங்கன் 303 பேரையும் தூக்கிலிட உத்தரவு கொடுக்கவில்லை என்பது உண்மை. சாட்சியங்களை வரவழைத்துப் பார்த்து, போரில் சண்டையிட்டவர்கள் வேறு, குடியேறிகளைப் படுகொலை செய்தவர்கள் வேறு என்று பிரித்து 39 பேருடைய பெயர்களைத் தன் கைப்படவே எழுதி அனுப்பினார். அதில் ஒருவனுக்குக் கடைசியில் தண்டனை நிறுத்தப்பட்டது. மின்னசோட்டா கவர்னர் ராம்சேயோ இந்த இனத்தையே பூண்டோடு ஒழிக்க வேண்டும் அல்லது எல்லைக்கப்பால் என்றென்றைக்கும் விரட்ட வேண்டும் என்று சட்டசபையிலேயே பேசினவன். இத்தனை கூக்குரலுக்கு நடுவில் 260-க்கு மேற்பட்ட உயிர்களை லிங்கன் கயிற்றிலிருந்து இறக்கினார் என்பதை நாம் பாராட்டவே செய்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் இறக்கியது சாட்சியக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்ததினால். அதாவது அறிவைக் கொண்டு விசாரித்ததினால். ஐந்து நிமிஷ விசாரணையில் 303 பேரையும் ஏற்றின நீதிபதிகளும் தெய்வத்தின் பெயரால் சத்தியம் செய்து உட்கார்ந்தவர்கள்தானே?

தூக்குக்குச் சில நாள் முன்பிருந்தே பாதிரிமார்கள் சிறைக்குள் நுழைந்தார்கள். ரவூ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஒரு பக்கம், புராட்டஸ்டண்டுகள் ஒரு பக்கம். சாகப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஞானஸ்நானம் செய்து வைக்கப்பட்டது. யாருக்கு எத்தனை ஆத்துமா என்று கணக்கும் வைத்துக் கொண்டார்கள். இதோடு நிற்கவில்லை. தூக்கிலிருந்து தப்பி விலங்கோடு அதே ஊர்ச் சிறையில் கிடந்தவர்களில் இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு 1863 பிப்ரவரியில் ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்தது. இதைத் தேவனுடைய பெரிய கிரியை என்று மிஷனெரிகள் எழுதிக் கொண்டார்கள். தலைக்கு மேல் கயிறு தொங்கும்போது நீட்டிய தண்ணீரை வேண்டாமென்று எவன் சொல்லுவான்?

நாம் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறோம். ஞானஸ்நானம் பெற்றவனுடைய பாவமெல்லாம் கழுவப்பட்டு விட்டது என்பது அவர்கள் மதத்தின் கொள்கை. அப்படியானால் கடவுள் மன்னித்துவிட்ட குற்றத்திற்கு மறுநாள் காலையில் தூக்கு எதற்கு? கடவுள் பெரியவரா, சிப்லி பெரியவனா? இல்லை, குற்றம் கழுவப்படவில்லை என்றால், முதல் நாள் தண்ணீர் தெளித்தது எந்தப் புரட்டைச் சேர்ந்தது? இதற்கு இதுவரையில் பதில் சொன்ன பாதிரியாரை நாம் பார்த்ததில்லை.

டிசம்பர் 26-ந் தேதி காலை 10 மணிக்கு, சதுரமாகக் கட்டிய ஒரே மேடையில் 38 பேரையும் நிறுத்தினார்கள். சுற்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாளத்தார். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கான ஜனங்கள். அன்றைக்குச் சாராயம் விற்கக் கூடாதென்று முன்னதாகவே உத்தரவு போட்டிருந்தார்களாம். எவ்வளவு ஒழுக்கம் பாருங்கள்! முரசு மூன்று தரம் அடித்தது. போரில் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த டூலி என்பவன் கையில் கோடாரியைக் கொடுத்துக் கயிற்றை வெட்டச் சொன்னார்கள். நியாயஸ்தலத்தின் தீர்ப்பு இப்படியாகப் பழிவாங்குகிறவன் கையிலேயே வந்து நின்றது. மேடையின் பலகைகள் ஒரேயடியாக விழுந்தன. ஒருவனுடைய கயிறு அறுந்து அவன் கீழே விழுந்தான். அவனைத் தூக்கி மறுபடியும் கட்டினார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது.

பிணங்களை ஆற்று மணலில் புதைத்தார்கள். அன்றிரவே டாக்டர்கள் வந்து தோண்டிப் பங்கிட்டுக் கொண்டார்கள். அதில் ஒரு பிணம் மேயோ என்ற டாக்டருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற வைத்தியசாலையை வளர்த்த அவருடைய பிள்ளைகள் எலும்புப் பாடம் படித்தது அந்த மனிதனுடைய எலும்புக்கூட்டில்தான். முந்தின வாரம் ஆத்துமாவுக்குப் போட்டி. அன்றிரவு உடலுக்குப் போட்டி.

இவற்றையெல்லாம்விட நம்மைத் தடுமாற வைப்பது சாஸ்கா என்பவனுடைய சங்கதி. போர் நடந்த ஆறு வாரமும் சாரா வேக்பீல்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர் மனைவியையும் அவளுடைய இரண்டு குழந்தைகளையும் சாஸ்காவும் அவன் தாயும் தங்கள் கூடாரத்தில் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அவளே நியாயஸ்தலத்திற்கு வந்து இவன்தான் எங்களைக் காத்தான் என்று சாட்சி சொன்னாள். வெள்ளைக்காரி செவ்விந்தியனுக்குப் பரிந்து பேசுவதா என்று ஊரார் அவளைத் தூற்றினார்கள். நியாயஸ்தலம் அவனுக்கும் மரண தண்டனை விதித்தது. ஆனால் லிங்கன் எழுதிய பட்டியலில் அவன் இல்லை. இருந்தும் அன்று காலை அவன் தூக்கிலிடப்பட்டான்! எப்படியெனில், பட்டியலில் இருந்தது சாஸ்கடன் என்ற வேறொருவன் பெயர். சிறைக்குள் வந்து "சாஸ்கா" என்று கூப்பிட்டார்கள். இவன் எழுந்து போனான். டகோட்டா பாஷையில் சாஸ்கா என்றால் மூத்த ஆண் பிள்ளை என்று அர்த்தம். வீட்டுக்கு வீடு அப்பெயர் உண்டு. நம்மூர்த் தெருவில் நின்று "ஏ, பெரியதம்பி" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? அப்படித் திரும்பிப் பார்த்ததுதான் அவன் செய்த குற்றம். பிறகு ரிக்ஸ் பாதிரியார் அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுதி, தவறுதலாக நடந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார். அந்த அம்மாள் 1863-ல் நடந்ததையெல்லாம் புஸ்தகமாக எழுதி வைத்தாள். அதனால்தான் இந்தச் சங்கதி வெளியில் வந்தது.

அன்று அந்தச் சிறையில் பாதிரிகள் இருந்தார்கள். ஜபம் இருந்தது. எல்லாம் அறிந்தவர், தலைமயிரையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறவர் என்று அவர்கள் சொல்லும் கடவுளும் அழைக்கப்பட்டிருந்தார். "இவன் அவனல்லன்" என்ற இரண்டே வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேலைக்காரச் சிப்பாய் ஒருவன் பெயரை இரண்டாந்தரம் படித்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும்.

இதற்குச் சிலர், விப்பிள் என்ற பிஷப் செவ்விந்தியருக்காக லிங்கனிடமே போய் மன்றாடவில்லையா, அவர் பாதிரியில்லையா என்பார்கள். போனார், உண்மைதான். அவர் நல்ல மனிதர். அவர் லிங்கனிடம் சொன்னது ஏஜெண்டுகளின் திருட்டையும், வராத பணத்தையும், சாப்பாடு இல்லாத ஜனங்களையும் பற்றி. அது கணக்கு, வேதமல்ல. வேதமே அவரை அப்படிப் பேசவைத்தது என்றால், அதே வேதத்தைப் படித்த ரிக்ஸுக்கும் சிப்லிக்கும் அது ஏன் வேறு மாதிரிப் படிந்தது?

நிற்க. அந்தத் தூக்கோடு கணக்குத் தீர்ந்ததா என்றால் இல்லை. சுமார் 1,600 டகோட்டாக்களை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும், ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே வேலிக்குள் அடைத்துக் குளிர்காலம் முழுதும் வைத்திருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே மடிந்தார்கள். 1863-ல் சட்டம் செய்து உடன்படிக்கைகளையே ரத்து செய்து, மிச்சமிருந்த நிலத்தையும் எடுத்துக் கொண்டு, அவர்களை மாகாணத்தைவிட்டு வெளியேற்றினார்கள். இவர்களுக்குச் சேரவேண்டிய வருஷப் பணத்தைக் குடியேறிகளின் நஷ்டஈட்டுக்குத் திருப்பினார்கள். போரில் சேராத ஹோசங்க் என்ற வேறு ஜனங்களையும் அதே வருஷம் விரட்டினார்கள். அவர்களிடமும் நல்ல நிலம் இருந்தது. தலைவனான லிட்டில் குரோ 1863 ஜூலையில் பழம் பறித்துக் கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவனுக்கு சர்க்கார் 500 டாலர் கொடுத்தது. அவனுடைய தலைத்தோலைச் சரித்திர சங்கத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அவன் எச்சங்களைப் புதைக்க விட்டது 1971-ல்தான்.

கயிற்றைக் கண்டால் குற்றம் குறையும் என்ற முதல் வாதத்திற்கு வருவோம். இதற்கு ஆர்க்கன்சா மாகாணத்துப் போர்ட் ஸ்மித் ஊரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1875 முதல் 1896 வரை அங்கே பார்க்கர் என்ற ஜட்ஜ் இருந்தார். செவ்விந்தியப் பிரதேசம் முழுவதும் அவர் அதிகாரத்தில் இருந்தது. 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1875 செப்டம்பர் 3-ந் தேதி ஒரே மேடையில் ஆறு பேரைத் தூக்கிலிட்டதைப் பார்க்க 5,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். இத்தனை பேர் பார்த்துப் பயந்து குற்றம் ஒழிந்ததா? 21 வருஷமும் கொலை வழக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தக் கோர்ட்டின் சேவகத்திலிருந்த மார்ஷல்களே அறுபதுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தூக்குப் போடும் உத்தியோகஸ்தனாயிருந்த மேல்டன் என்பவனோ, வேலையை விட்டபின் கயிறுகளைக் கூடாரத்தில் வைத்துக் காட்டி ஊர் ஊராய்க் காசு வசூலித்தான். கயிறு பயத்தை உண்டாக்கவில்லை, வேடிக்கையை உண்டாக்கிற்று.

இன்னொன்று. 1889 வரையில் அந்தக் கோர்ட்டு விதித்த மரண தண்டனைக்கு அப்பீலே கிடையாது. அந்த வருஷம் அப்பீல் உரிமை வந்தது. பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன நாற்பதுக்கு மேற்பட்ட வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவறென்று திருப்பப்பட்டன. அப்படியானால் அதற்கு முன் அப்பீல் இல்லாமல் தூக்கில் தொங்கினவர்களில் எத்தனை பேருடைய தீர்ப்பு தவறு? அவர்களைக் குழியிலிருந்து எழுப்பி மறு விசாரணை நடத்த எந்த சுப்ரீம் கோர்ட்டால் முடியும்? பார்க்கரே சாகிற வருஷத்தில், தண்டனை நிச்சயமாகக் கிடைக்குமென்றால் தூக்கை எடுத்துவிடுவதே தனக்கும் சம்மதம் என்று ஒரு பத்திரிகைக்காரியிடம் சொன்னார். 160 பேருக்குத் தீர்ப்பு எழுதின கை அது.

இனி, தூக்கு ஏறாத ஒருவனையும் பார்த்துவிடுவோம். பிறப்பைப் பார்த்துத் தண்டனை அளக்கும் மனு நூலை நமது வாசகர்கள் அறிவார்கள். கொலராடோவில் நூல் இல்லாமலேயே அளந்தார்கள். சிவிங்டன் என்பவன் மெதடிஸ்ட் சபையின் பட்டம் பெற்ற பாதிரி. பட்டாளத்தில் ஜபம் செய்யும் உத்தியோகம் கொடுத்தபோது அது வேண்டாம், சண்டை போடும் உத்தியோகந்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, கர்னலானவன். 1864 நவம்பர் 29-ந் தேதி விடியற்காலையில், சாண்ட் கிரீக் என்னும் ஓடைக்கரையில் சமாதானம் நாடித் தங்கியிருந்த செயேன், அரபாஹோ ஜனங்கள் மீது ஏறக்குறைய 700 சிப்பாய்களோடு பாய்ந்தான். அங்கே தலைவன் பிளாக் கெட்டிலின் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடி பறந்தது, வெள்ளைக்கொடியும் பறந்தது. நூற்றைம்பதுக்குக் குறையாத பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயோதிகர்கள். பிணங்களை அறுத்து, அறுத்ததை டென்வர் நகரத்து நாடகக் கொட்டகையில் காட்டினார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள்.

1865-ல் காங்கிரசின் கமிட்டி விசாரித்து இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்குள் பட்டாளத்திலிருந்து விலகிவிட்டபடியால் பட்டாள விசாரணை சிவிங்டனைத் தொடவில்லை. ஊர்க் கோர்ட்டும் தொடவில்லை. 303 பேரை ஐந்து வாரத்தில் தூக்குக்குத் தீர்த்த தேசத்தில், இவனுக்கு ஐந்து நிமிஷ விசாரணைகூடக் கிடைக்கவில்லை. 1894-ல் படுக்கையில் செத்தான். அவன் பெயரால் ஓர் ஊரும் ஏற்பட்டது. அவனுடைய சபையார் வருத்தம் தெரிவித்தது 1996-ல்.

அந்தப் படையில் சைலஸ் சோல் என்ற காப்டன் ஒருவர் இருந்தார். அன்று தன் ஆட்களைச் சுடவிடாமல் நிறுத்திக் கொண்டவர். விசாரணையில் சிவிங்டனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். 1865 ஏப்ரல் 23-ந் தேதி, கலியாணமாகி ஒரு மாதங்கூட ஆகாத நிலையில், டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பட்டாளத்துக்காரன், வெள்ளையன். அவனைப் பிடித்துக் கொண்டு வந்தார்கள். சிறையிலிருந்து தப்பிப் போனான். பிறகு அவனை யாரும் தேடிக் கொண்டுவந்து தூக்கு மேடையில் ஏற்றவில்லை.